கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு லத்தீன் கிளாஸ் - 4 ஸ்டார் குடுக்கலாம்

சித்தூர்ல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன் (நம்ம பாலக்காட்டு சித்தூருங்க, ஆந்திரா சித்தூர் இல்ல). சுவோ மோட்டு, சைன் டை, போனஃபைட்னு தெனமும் அடிச்சுத் தள்றேன், ஒண்ணுக்கும் அர்த்தம் தெரியாது. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ரிட்டயர்டு சார் ஞாயித்துக்கெழம மாடில லத்தீன் சொல்லித் தர்றார்னு கேள்விப்பட்டதும் போய் சேந்துட்டேன், மூணு மாசமாச்சு.

மொத ஒரு மாசம் சுத்த போருங்க, டேபிள மனப்பாடம் பண்ணு, ஒப்பி, அவ்ளோதான். ஆனா அப்லேட்டிவ்னு லத்தீன்ல ஒரு வேற்றுமை, அத ஆரம்பிச்ச அன்னிக்கு சார் புக்க மூடி வச்சுட்டு அஞ்சாம் வேற்றுமை என்னென்ன பொருள்ல வரும்னு கேட்டார். நான் தமிழ் மீடியம், நீங்கல் ஒப்பு எல்லை ஏதுன்னு அந்தக் காலத்துல அடி வாங்கிப் படிச்சது தானா வாயில வந்துச்சு. "எல்லைய விட்ருப்பா, மத்த மூணும் இதுக்குள்ள இருக்கு"ன்னார். ரோமான்னு கடைசி எழுத்த நெடிலா இழுத்தா ரோம்ல இருந்துன்னு அர்த்தம், அது நீங்கல். மெல்லே துல்கியோர்னா தேன விட இனிப்பு, ஒப்பு. மெத்தூன்னா பயத்தால, ஏது.

அதோட நிக்கல, நம்ம மூணாவதும் ஏழாவதும் கூட அங்கதான் குடியிருக்கு. முன்னாடி தனித்தனியா இருந்த நீங்கல், கருவி, இடம் மூணும் லத்தீன்ல ஒண்ணாக் கலந்துருச்சாம். நான் வாளால சண்ட போட்டான்னு எழுதறப்ப கும் கிளாடியோன்னு எழுதிட்டேன், வாளும் அவனும் ஜோடியா நடந்து போனாங்களான்னு கேட்டு சார் ஒரே சிரிப்பு. கருவிக்கு வர்ற 'ஆல்'னா வெறும் கிளாடியோ போதும், 'ஓட'ன்னு கூட வர்றவங்களச் சொன்னாத்தான் கும், ஒரு ஆளால நடந்துச்சுன்னா ஆப் போடணும். இங்கிலீஷ் மீடியம் பசங்க வித், வித்னு முழிச்சிட்டு இருந்தாங்க, எனக்கும் கத்திகொண்டுன்னு யோசிக்கிற மலையாளத்து பசங்களுக்கும் டக்குனு புடிபட்டுது.

அப்பறம் என் கடை வார்த்தைங்கள ஒவ்வொண்ணா எடுத்தார். போனா ஃபிதே நல்ல நம்பிக்கையோட, சுவோ மோட்டு தானா முன்வந்து, சினே தியே நாள் குறிக்காம, எல்லாமே அப்லேட்டிவ்தான். கி.பி.க்குப் போடற ஏ.டி.ல (அன்னோ டொமினி) வர்ற அன்னோவும் அதே, ஆண்டுலன்னு அர்த்தம். பஸ்ஸு கூட ஆம்னிபஸ்ங்கற லத்தீன் வார்த்தையோட வாலுதாங்க, எல்லாருக்கும்னு நாலாம் வேற்றுமைப் பொருள்ல வச்ச பேரு, பன்மைல அப்லேட்டிவுக்கும் அதே உருவம். வேலந்தாவளம் பஸ்ல தொங்கிட்டு வர்றப்ப வெறும் விகுதியப் புடிச்சுட்டுத் தொங்கறோம்னு நெனச்சு தனியா சிரிச்சேன், கண்டக்டர் ஒரு மாதிரி பாத்தார்.

கொறைன்னா, அப்லேட்டிவ் அப்சல்யூட்ட (ரெண்டு சொல்ல அப்லேட்டிவ்ல வச்சு 'இது நடந்ததும்'னு சொல்ற அமைப்பு) அரை மணி நேரத்துல முடிச்சுட்டார், ஏதோ கல்யாணத்துக்குப் போகணுமாம். உர்பே காப்தா, ஊரு புடிபட்டதும்னு ஒரே ஒரு உதாரணம், அதுக்கு மேல நானே தட்டுத் தடுமாறிப் படிச்சுக்கிட்டேன். ப்ரொஜெக்டருக்குன்னு தனியா காசு வாங்குனாங்க, அது ஒரு நாளும் எரியல. மாசம் 600 ஃபீஸுக்கு ஓகேதான்.

சேர்றவங்க நோட்ஸ மட்டும் ஒரிஜினலப் பாத்து எழுதிக்கோங்க. அவங்க குடுக்கற ஜெராக்ஸ்ல எழுத்துக்கு மேல இருக்கற நெடில் கோடு விழறதே இல்ல, புவெல்லவும் புவெல்லாவும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். நான் என் கடைல டார்க் வச்சு எடுத்துக்கிட்டேன்.