டைல்ஸ் உடைக்காமல் லீக் கண்டுபிடிக்கும் சேவை: எதற்குக் காசு தரலாம்?

குளியலறைச் சுவரின் மறுபக்கம், படுக்கையறையில், பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தால் முன்பெல்லாம் பிளம்பரைக் கூப்பிடுவதா கொத்தனாரைக் கூப்பிடுவதா என்பதுதான் கேள்வி. இப்போது மூன்றாவதாக ஒருவர் வருகிறார், கையில் தெர்மல் கேமராவோடு. 'ஒரு டைலைக்கூட உடைக்காமல் லீக் எங்கே என்று காட்டுகிறோம்' என்பது அவருடைய விளம்பரம். எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றி இங்கே பேசவில்லை. இந்தச் சேவையில் வழக்கமாக வரும் கருவிகளையும் வேலை முறையையும் எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேமராவைப் பார்த்து மயங்கிக் காசு தராதீர்கள். வருகிறவரின் பையில் கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்ட் பம்ப் (லைனில் தண்ணீரை அழுத்தி ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று காட்டும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேமராவிலிருந்து தொடங்குவோம். அது சுவருக்குள் பார்ப்பதில்லை, சுவரின் மேல்தோலில் உள்ள வெப்பத்தை மட்டும் பார்க்கிறது. ஈரம் காயும்போது அந்த இடம் ஓரிரு டிகிரி குளிரும், திரையில் நீலமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது சுவர் காயாது, நீலமும் வராது. மேற்கு வெயில் பட்ட சுவரில் சாயங்காலம் படம் எடுத்தாலும் பயனில்லை. பளபளக்கும் டைலில் படம் எடுப்பவரின் உடம்புச் சூடே பிரதிபலித்து விழும். இதையெல்லாம் தாண்டி நீலம் தெரிந்தாலும், அது தண்ணீர் வந்து தேங்கிய இடம். நாலடி உயரத்தில் ஒழுகும் ஜாயிண்ட், ஈரத்தைச் சுவரின் அடியில் உள்ள ஸ்கர்ட்டிங் பட்டை பக்கத்தில் காட்டும். கேமரா உண்மையிலேயே உதவுவது சுடுதண்ணீர் லைனில்தான். கீசரைப் போட்டுப் பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டால் பைப் போகும் பாதை கோடாகத் தெரியும், ஒழுகும் இடத்தில் அந்தக் கோடு உப்பி அகலும்.

சத்தம் கேட்கும் கருவி வெளிநாட்டுக் காணொளிகளில் அற்புதமாக வேலை செய்யும். அங்கே வீட்டு லைனில் பல கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம் எப்போதும் இருக்கும். நம் வீட்டில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் இறங்கினால்தான் 1 கிலோ அழுத்தம். முதல் தளத்துக் குளியலறைக்கு 4 மீட்டர்தான் என்றால் 0.4 கிலோ. அந்த அழுத்தத்தில் மயிரிழை விரிசல் சீறாது, சத்தமில்லாமல் வியர்க்கும். போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் பைப் இரும்பைப் போல ஒலியைக் கடத்தாது. ஆகவே லைனில் பம்ப் மாட்டி அழுத்தம் ஏற்றாமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சுவரைத் தடவுகிறவர் நேரம் போக்குகிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஈரமானிக்கு ஒரு வரி போதும்: உப்பு பூத்த பூச்சில் அது காய்ந்த சுவரையும் ஈரம் என்று சொல்லும், எண்ணை நம்பாமல் இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்த வேண்டும்.

95 சதவீத நைட்ரஜனும் 5 சதவீத ஹைட்ரஜனும் கலந்த வாயுவை லைனில் விட்டு மோப்பக் கருவியால் தேடும் முறை இவற்றிலெல்லாம் மேலானது. அந்தக் கலவை தீப்பிடிக்காது. ஹைட்ரஜன் கான்கிரீட்டிலும் கிரவுட்டிலும் (டைல் இடுக்கில் நிரப்பும் பூச்சு) புகுந்து மேலே வந்துவிடும். தரைக்கடியில் போகும் லைனுக்கு மிகப் பொருத்தம். லைனில் தண்ணீர் முழுக்க வடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயு பாதியில் நிற்கும். டைல் சுவரில் கருவி கத்துவது கிரவுட் கோட்டில்தான். லீக் அதற்கு ஒரு டைல் தள்ளியும் இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: வாயுவுக்குப் பதில் ஏர் கம்ப்ரசரைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் லைனில் காற்று ஏற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். அமுக்கப்பட்ட காற்று பிளாஸ்டிக்கை வெடித்துச் சிதறவைக்கலாம்.

இனி பம்ப். விலையும் குறைவு, பார்க்கவும் ஒன்றுமில்லை, ஒரு தகரத் தொட்டி, ஒரு கைப்பிடி, ஒரு மீட்டர். ஆனால் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இதுதான். குளியலறைக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, மிக்சர், ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் வால்வு எல்லாவற்றையும் கழற்றி டம்மி பிளக் போட வேண்டும். மிக்சரை மாட்டியபடியே டெஸ்ட் செய்தால் அதன் வழியாகப் பச்சைத்தண்ணீர் லைனும் சுடுதண்ணீர் லைனும் ஒன்றாகிவிடும், எது விடுகிறது என்று கடைசிவரை தெரியாது. கீசரையும் பிரித்துவிட வேண்டும், அதன் சேஃப்டி வால்வு திறந்தால் மீட்டர் முள்ளை ஏமாற்றும். பிறகு லைனில் உள்ள காற்றை வெளியேற்றி, 5 கிலோ ஏற்றி, அரை மணி நேரம் முள்ளைப் பார்க்க வேண்டும். முதல் சில நிமிடங்களில் லேசாக இறங்குவது மிச்சக் காற்றாக இருக்கலாம், திரும்ப ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் பைப் விடுகிறது. சிபிவிசி (சுடுதண்ணீரும் தாங்கும் பிளாஸ்டிக்) எஸ்டிஆர் 11 ரகப் பைப் 27 டிகிரியில் 28 கிலோ வரை தாங்கும் தரம், 5 கிலோவில் நல்ல ஜாயிண்ட் ஒன்றும் ஆகாது. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும். துருவில் மெலிந்த மரை 5 கிலோவுக்குப் புதிதாக விட்டுவிடும், 2 கிலோ போதும். சத்தக் கருவியை இப்போது, லைனில் அழுத்தம் இருக்கும்போது, எடுத்தால் அர்த்தம் உண்டு.

முள் அசையவில்லையா? சுவரை உடைக்காதீர்கள். குற்றம் கழிவுநீர்ப் பக்கமோ தரையிலோ இருக்கலாம். நஹானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) அடைத்து, தரையில் ஒரு இஞ்ச் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திக் கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்கள். அடைத்திருக்கும்போதே ஊறினால் தரையும் கிரவுட்டும். அடைப்பை எடுத்துத் தண்ணீரை இறக்கியபின் ஊறினால் ட்ராப்பும் அதன் ஜாயிண்ட்டும். தண்ணீரில் கொஞ்சம் சாயம் கலந்துவிட்டால் கீழ்வீட்டுக்காரரோடு வாக்குவாதம் மிச்சம்.

யாரையும் கூப்பிடும் முன் நீங்களே செய்ய இரண்டு வேலை உண்டு. ஒன்று பலருக்கும் தெரிந்தது: இரவில் மோட்டாரை அணைத்து, எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு அடையாளம் வைத்து விடியலில் பார்ப்பது. 1000 லிட்டர் தொட்டியில் 1 செ.மீ. இறக்கம் என்பது சுமார் 9 லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாள் முழுக்கச் சேர்ந்தும் நாலு லிட்டர் சொச்சம்தான், அரை செ.மீ.கூட இறங்காது. எனவே மட்டம் இறங்கினால் லீக் நிச்சயம், இறங்காவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை.

இரண்டாவது யாரும் சொல்லாதது. குழாயின் அடியில் சுவரை ஒட்டி இருக்கும் வட்டத் தட்டைத் தள்ளிவிட்டு டிஷ்யூ பேப்பரை உள்ளே நுழைத்துப் பாருங்கள். சுவருக்குள் இருக்கும் பிராஸ் எல்போ (பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் வளைவு), டைலும் பூச்சும் ஏறியபின் உள்ளே அமுங்கிவிடும். அதை வெளியே கொண்டுவர எக்ஸ்டென்ஷன் நிப்பிள் (மரை போட்ட குட்டைக் குழாய்த் துண்டு) போடுவார்கள். நிப்பிள் குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். நீளமாக இருந்தால் குழாயை நேராக்க முறுக்கி முறுக்கி, பிராஸுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இளகிவிடும். தண்ணீர் தட்டின் பின்னாலிருந்து சுவருக்குள் இறங்கும், வெளியே சொட்டே தெரியாது. மறைந்த கசிவில் கணிசமானவை இந்த இடத்தில்தான். நிப்பிளும் டெஃப்லான் டேப்பும் மாற்றினால் தீர்ந்துவிடும் வாய்ப்பிருக்கும்போது கேமராக்காரருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அடுத்த சந்தேகம் டவல் ராட் மாட்டிய ஓட்டை. டிரில் பைப்பைத் தொட்டு, ஸ்க்ரூவே அடைப்பாக இருந்து, அது துருப்பிடித்தபின் வருடங்கள் கழித்து லீக் ஆகும்.

ரிப்பேர் செய்பவரிடம் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். பழைய சிபிவிசி இறுகி நொறுங்கும் பதத்தில் இருக்கும். கத்தரி போன்ற பைப் கட்டரால் வெட்டினால் நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். நுண்பல் ஹேக்சா பிளேடு வேண்டும். விரிசல் தெரியும் இடத்திலிருந்து இருபுறமும் 5 செ.மீ. தள்ளி வெட்ட வேண்டும், ஏனென்றால் விரிசல் தெரிவதைவிட நீளம். இருபக்கமும் பூச்சை ஒரு சாண் தூரத்துக்காவது எடுத்தால்தான் பைப்பை லேசாக வளைத்து கப்ளிங் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) நுழைக்க முடியும். சின்ன ஓட்டை போட்டு முடிக்கிறேன் என்கிற ஆள் ஜாயிண்ட்டைப் பாதிதான் நுழைப்பார். சிபிவிசிக்கு உரிய சொல்யூஷன்தானா (பைப் ஒட்டும் பசை) என்று டின்னைப் பாருங்கள், வெள்ளை பிவிசிக்கான டின்னோடு வருவது சகஜம். ஜெல்லியாக இறுகிய சொல்யூஷன் குப்பைக்கு. பைப்பின் பிசிறை எடுத்து, துடைத்து, பைப்பில் நிறையவும் கப்ளிங்கில் மெல்லிசாகவும் தடவி, கால் திருப்பு திருப்பி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கேட் வால்வு சரியாக மூடாமல் பைப் முனையில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் எந்தச் சொல்யூஷனும் பிடிக்காது, கீழ்க் குழாயைத் திறந்துவிட்டு லைனை வடிக்க வேண்டும். எபாக்சி மாவை அப்பிவிட்டுப் போவது ஒரு ராத்திரிக்கு மட்டும்.

இதே ஆட்கள் 'கெமிக்கல் இன்ஜெக்‌ஷன்' என்றும் ஒன்று விற்பார்கள். கிரவுட், தரை விரிசல் வழியாக ஊறும் தண்ணீருக்கு அது பயன்படும். அழுத்தத்தில் இருக்கும் பைப் லீக்குக்குச் சுவரில் எதை ஏற்றினாலும் தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும். பம்ப் டெஸ்ட் செய்யாமலே இன்ஜெக்‌ஷனுக்கு விலை சொல்கிறவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

கூலி பேசும்போது கண்டுபிடிக்க, உடைத்து மாற்ற, டைல் ஒட்ட என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். உடைத்த இடத்தில் லீக் இல்லையென்றால் அடுத்த உடைப்பு யார் செலவு என்பதை எழுதி வாங்குங்கள். இதற்கு ஒப்புக்கொள்கிறவர் கருவியைத் தெரிந்து வைத்திருப்பவர். மாற்றியபின் அதே 5 கிலோ டெஸ்ட்டைத் திரும்பச் செய்து, ஒரு நாள் திறந்தபடி புழங்கிவிட்டுத்தான் மூட வேண்டும். மூடும் முன் அளவு டேப்பை வைத்துப் பைப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த டவல் ராடுக்கு உதவும்.

உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். 9 இஞ்ச் செங்கல் சுவர் காய மாதக்கணக்காகும். உப்பிய புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று வாரத்தில் ஈரம் கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருக்க வேண்டும். அசையாமல் நின்றால், பாக்கிப் பணத்தைத் தரும் முன் அவரை மறுபடி பம்ப்போடு வரச் சொல்லுங்கள்.