பேடா, பாத்ரூமா, புல்தட்டா: ஃபிளாட்டில் நாய்க்குட்டியை மலம், சிறுநீர் போக எதில் பழக்குவது?

இரண்டு மாதக் குட்டி வந்து இறங்குவதற்கு முந்தைய நாளே முடிவாக வேண்டிய விஷயம் இது. தனி வீடு என்றால் பின்பக்க மண்ணில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருப்பவர் முன்னால் உள்ள வழிகள்: பழைய பேப்பர், கடையில் விற்கும் உறிஞ்சும் பேட், பாத்ரூம் தரை, பால்கனியில் புல்தட்டு, முதல் நாளிலிருந்தே தெரு. எங்கள் வீட்டில் தேர்ந்தது புல்தட்டு. அதனால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தெருதான் எப்படியும் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். ஆனால் எட்டு வாரக் குட்டிக்கு அது ஆகாது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் முடிய ஏறக்குறைய 16 வாரம் ஆகிவிடும். அதற்குள் தெருநாய் மலம் பட்ட மண்ணில் கால் வைத்தால் பார்வோ என்னும் கொடிய குடல் நோய் வரலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழைக்காலத் தேக்கத்தில் எலி மூத்திரத்தால் லெப்டோ எனும் எலிக்காய்ச்சல், செடிப் புதரில் உண்ணி என்று வேறு கவலைகளும் உண்டு. இன்னொரு சங்கடம் லிஃப்ட். தூங்கி எழுந்த குட்டி அரை நிமிடம்கூடத் தாங்காது. லிஃப்ட் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் கையிலேயே முடிந்துவிடும்.

பேப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசில்லை, டைல்ஸில் வழுக்கும், குட்டி கிழித்து விளையாடும். பேப்பரில் பழகிய குட்டிக்குத் தரையில் கிடக்கும் எந்தப் பேப்பரும் கழிவறைதான், காலையில் வாசலில் வந்து விழும் அன்றைய நாளிதழ் உட்பட.

பாத்ரூம் நம் வீடுகளில் அதிகம் பேர் கையாளும் வழி. ஒரு வாளித் தண்ணீரில் சுத்தமாகிவிடும். ஆனால் பாத்ரூம் டைல்ஸும் ஹால் டைல்ஸும் குட்டியின் காலுக்கு ஒன்றுதான். அங்கே சரி, இங்கே தவறு என்பதைப் பிரித்துக்காட்ட அதற்கு வாசனை மட்டுமே துணை. அதையும் நாம் தினமும் கழுவி அழித்துவிடுகிறோம்.

பேட் வசதியானது என்பதை மறுக்கவில்லை. அடியில் பிளாஸ்டிக், நடுவில் ஈரத்தை இழுத்துக் கூழாக்கும் தூள், மேலே மெல்லிய துணி. சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து பேட் வரை செலவாகும். கடித்துக் குதறும் குட்டி அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதைக்கூடக் கவனமாக இருந்து சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேறொன்று.

குட்டி இடத்தைவிடக் காலடியைத்தான் முதலில் மனதில் வாங்குகிறது. எட்டு, ஒன்பது வார வயதில் எதன் மேல் நின்று போய்ப் பழகுகிறதோ, அந்தத் தொடுகைதான் ‘இங்கே போகலாம்’ என்பதன் அடையாளமாக ஆகிவிடுகிறது. பேட் விரித்து நாம் சொல்லிக்கொடுப்பதாக நினைப்பது ‘பால்கனி மூலை’. குட்டி படிப்பதோ ‘மெத்தென்று, துணிபோல, ஈரத்தைக் குடிப்பது’. அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிறவை வீடு முழுக்கக் கிடக்கின்றன: குளியலறை வாசல் கால்மிதி, சோபாவிலிருந்து சரிந்த போர்வை, மடிக்காமல் குவித்த துணி. கால்மிதியில் போகும் குட்டியை வேண்டுமென்றே செய்கிறது என்று திட்டுகிறார்கள். சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அது ஒப்பிக்கிறது.

இதன் முழு விலை நான்காம் மாதத்தில் தெரியும். ஊசி முடிந்து கீழே கூட்டிப்போனால் முக்கால் மணி நேரம் சுற்றும், மோந்து பார்க்கும், அடக்கிக்கொள்ளும். வீட்டுக் கதவு திறந்ததும் நேராகப் பேடுக்கு ஓடும். இதை மாற்ற, அழுக்கான பேடைக் கீழே கொண்டுபோய் மண்ணில் விரித்து, நாலைந்து நாளுக்கொருமுறை பாதி, கால் என்று வெட்டிச் சிறிதாக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். ஒரே குட்டியை இரண்டு முறை பழக்குவதற்குச் சமம். புல்லில் பழகியதற்குக் கீழே இருப்பதும் புல்தான், மண்தான். புது இடத்தின் கூச்சம் தெளியச் சில நாள் போதும்.

இனி தட்டு. 2 அடிக்கு 3 அடி, விளிம்பு 3 அங்குலம் உள்ள ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டு பீகிள், நாட்டு நாய்க் குட்டிகளுக்குப் போதும். லேப்ரடார் நான்கு மாதத்தில் அதற்குள் சுற்றிவந்து குந்த முடியாது, முதலிலேயே 3க்கு 4 அடியாக வாங்குங்கள். ஓர் ஓரத்தில் மட்டும் 6 மி.மீ. துளைகள் பத்துப் பன்னிரண்டு. எதிர் ஓரத்தை அரை அங்குலம் உயர்த்தி வைத்தால் தண்ணீர் துளைப் பக்கம் வடியும். அடியில் ஓர் அங்குலம் கூழாங்கல், அதன் மேல் நிழல்வலைத் துண்டு, அதன் மேல் ஓர் அங்குலத்துக்குப் பருமணலும் தேங்காய்நார்த் தூளும் சம அளவில். மேலே நர்சரியில் பாயாக விற்கும் புல்பத்தை. நனைந்தால் 2க்கு 3 தட்டே 50 கிலோவைத் தொடும். வைத்த இடத்தைவிட்டு நகர்த்த நினைக்க வேண்டாம்.

தோட்டத்து மண்ணை அள்ளிப் போடக் கூடாது. தெருநாய் நடமாடிய மண் என்றால், எந்தப் பயத்தில் குட்டியைக் கீழே இறக்காமல் இருக்கிறோமோ அதையே மேலே கொண்டுவந்ததாகும். களிமண் கலந்த மண் இறுகிப்போய்த் தண்ணீர் வடியாது, இரண்டாம் வாரமே நாறும். மூட்டையாக வரும் நார்த்தூளே மேலானது. அதை நேராகத் தின்னும் குட்டிகளும் உண்டு, முதல் சில நாள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பலரும் கோட்டை விடுவது வடிகாலில். பால்கனி ஓட்டை குழாயில் சேர்கிறதா, வெறும் மூக்குக்குழாயாகக் கீழ்வீட்டுப் பால்கனியில் சொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது என்றால் துளைக்கு அடியில் ஒரு சிறு தட்டு வைத்து, சேர்வதை எடுத்துக் கழிவறையில் ஊற்றுங்கள். கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்ட நாளில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

ஒவ்வொரு முறை உச்சா போனதும் ஒரு மக் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிறுநீரின் நைட்ரஜன்தான் புல்லைக் கருக்குகிறது, நீர்த்தால் தாங்கும். அப்படி ஊற்றினாலும் மூன்று நான்கு வாரத்தில் நடுப்பகுதி பழுத்துவிடும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றினால் போதும். மே மாதத்தில் இரண்டு வேளைத் தண்ணீரும் மதிய நிழலும் வேண்டும். ஐப்பசி மழையில் துளைகள் அடைத்து ஊறிப்போகாமல் வாரம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும். பேடைச் சுருட்டி எறிவதோடு ஒப்பிட்டால் இது வேலைதான்.

செயற்கைப் புல் போட்டால் இந்தப் பாடெல்லாம் இல்லையே என்பார்கள். அதன் அடிப்பாகத்தில் சிறுநீர் தங்கி மூன்றாம் நாளே வாடை கிளம்பும், வெயிலில் உள்ளங்கால் சுடும். வாசலில் போடும் பச்சை பிளாஸ்டிக் கால்மிதிக்கும் அதற்கும் குட்டியால் வேறுபாடு காண முடியாது.

எந்த வழியானாலும் நேரக் கணக்கு ஒன்றே. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம், பகலில் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி, விழித்து விளையாடும்போது ஒரு மணிகூட இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10 முதல் 20 நிமிடத்திலும், விளையாட்டின் நடுவில் திடீரென்று தரையை மோந்து வட்டமிடும்போதும் தூக்கிப்போய் நிறுத்துங்கள். லீஷ் கட்டி, பேசாமல் ஐந்து நிமிடம். தொடங்கும் கணத்தில் ‘உச்சா போ’ என்று ஒரே சொல்லை மெதுவாக. முடித்த இரண்டு மூன்று விநாடிக்குள், தட்டின் மேலேயே, கடலைப்பருப்பு அளவு வேகவைத்த கோழித் துண்டு. உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அது கணக்கு வைக்கும். போகவில்லையா, பத்து நிமிடம் மடியிலோ கூண்டிலோ வைத்திருந்து மறுபடி. காலியான பிறகுதான் ஹாலில் விட வேண்டும். இரவில் 11 மணிக்கும் 3 மணிக்கும். நம் வெயிலில் தண்ணீரைப் பிடுங்கிவைக்க வேண்டாம், கடைசிச் சாப்பாட்டை 7 மணிக்கு நகர்த்தினால் போதும். மூக்கை அழுக்கில் தேய்த்தால் குட்டி கற்பது உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போவதை மட்டுமே.

தவறிப் போன இடத்தில் ஃபினாயில் ஊற்றுவது நம் நோய். அதன் வாடை நம் மூக்கை மூடும், குட்டி மூக்கை அல்ல. துடைத்து எடுத்த பிறகு, கறையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தைத் தெளித்து 10 நிமிடமாவது ஊறவிட வேண்டும். இல்லையென்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி. மார்பிளிலும் மொசைக்கிலும் வினிகர் படக் கூடாது, பளபளப்பு போய்விடும். மூத்திரத்தின் மேல் நேராக பிளீச் ஊற்றுவது இன்னும் மோசம், மூச்சை அடைக்கும் புகை கிளம்பும்.

ஷிட்ஸூ, பொமரேனியன் போன்ற சின்ன இனங்களை வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே போகவிடுவது என்று தீர்மானித்தவர்களுக்கு மேலே சொன்ன காலடி வாதம் பாதிதான் பொருந்தும். கீழே மாற்றும் நாளே வராதென்றால் பேட் தவறில்லை, கால்மிதிகளை மட்டும் சுருட்டி வையுங்கள். படியிறங்க முடியாத முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் அப்படியே. கடைக் கம்பிக் கூண்டில் வாரக்கணக்கில் பேப்பர் மேல் இருந்து வந்த குட்டிக்கு நேராகப் புல் விளங்காது. அதற்குப் புல்லின் மேலேயே பேப்பரை விரித்துத் தொடங்கி, தினம் ஒரு கீற்றுக் கிழித்துக் குறைக்க வேண்டும்.

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று பத்து நிமிடத்துக்கொருமுறை குந்திச் சொட்டுச் சொட்டாகப் போனால், அது பழக்கம் கெட்டதால் இருக்காது. பெண் குட்டிகளுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவது. அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கிடைத்தால் காலை முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்துக் கொண்டுபோங்கள். புல்லிலிருந்து பிடிப்பது கடினம், லீஷில் நிறுத்திப் பின்பக்கமாக நீளக் கரண்டியை நீட்டினால் முடியும்.