விட்டுப் போனாலும் கோபித்துக்கொள்ளாத கேம்: ஃபைனல் ஃபேண்டஸி 14 நீண்ட கால அனுபவம்

பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும், மாதச் சந்தா கட்டும் கேமான ஃபைனல் ஃபேண்டஸி 14-ஐ வருடக்கணக்கில் ஆடிவருகிறேன், ஆனால் தொடர்ச்சியாக அல்ல. மாதக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்புவேன். புது பேட்சில் (கேமுக்கு அவ்வப்போது வரும் புதுப்பிப்பு) வந்த கவசங்களை மாட்டிக்கொண்டால் ஓரிரு நாளில் மற்றவர்களோடு சேர்ந்துவிடலாம். இதற்கு முன் ஆடிய வேறொரு கேமில் தினமும் வருகைப் பதிவு போடாவிட்டால் பரிசு போச்சு, ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் கில்டில் (ஆட்டக்காரர்களின் குழு) இடமும் போச்சு. அதை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போதைய இந்த நிதானம் முதலிலிருந்தே இருந்ததல்ல. 2010 செப்டம்பரில் வெளியான முதல் பதிப்பு படுதோல்வி. ஒரு ஜாப்பை (கேரக்டர் ஏற்கும் சண்டைத் தொழில்) வாரத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆடினால் அனுபவப் புள்ளி குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொடும். சந்தையில் தேடும் வசதி இல்லை. ஆட்டக்காரர்கள் தங்கள் பொருளை விற்க நிறுத்திய வேலையாட்களை ஒவ்வொருவராகத் தட்டித்தான் யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸ் மோகமோ தலைக்கேறியிருந்தது. ஒரு பூந்தொட்டிக்கு முழு மனிதக் கேரக்டருக்கு ஆகும் அளவு பாலிகன்களை (உருவங்களைக் கட்டும் சின்னச் சின்ன முகங்கள்) செலவழித்திருந்தார்கள் என்று பின்னாளில் கேமின் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்ற நவோகி யோஷிடாவே மேடையில் சொன்னார். எதுவானாலும் பேட்சில் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பையும் தோல்விக்கான காரணங்களில் ஒன்றாக அவர் சேர்த்தார்.

2010 டிசம்பரில் வந்த யோஷிடா குழு, ஓடிக்கொண்டிருந்த கேமை ஒட்டுப்போட்டுக்கொண்டே மறுபக்கம் புதிதாக ஒன்றைக் கட்டியது. ஒரு வருடத்துக்கும் மேல் மாதச் சந்தா வாங்கவில்லை. பழைய உலகத்தை மூடும் வேலையையும் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள்: வானத்தில் ஒரு நிலா நாளுக்கு நாள் பெரிதாகி, 2012 நவம்பர் 11 அன்று சர்வர்கள் அணைந்தபோது விழுந்து எல்லாவற்றையும் அழித்தது. 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டிய கேம் 'எ ரியெல்ம் ரீபார்ன்' என்ற பெயரில் வந்ததும் கூட்டம் தாங்காமல் லாக்கினே ஆகவில்லை, டிஜிட்டல் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். 2021 டிசம்பரில் 'எண்ட்வாக்கர்' என்ற விரிவாக்கம் (புதுக் கதையும் இடங்களும் கூட்டும் பெரிய சேர்க்கை) வந்தபோதும் இதே கதை. சிப் தட்டுப்பாட்டால் சர்வர் வாங்க முடியாத காலம் அது. கியூ நீண்டது, விற்பனையை நிறுத்தி, சந்தாதாரர்களுக்கு இலவச நாட்கள் கொடுத்தார்கள்.

என்னை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது ரூலட் முறைதான். தினமும் ஒரு முறை கேமே தேர்ந்தெடுக்கும் ஏதாவதொரு பழைய டஞ்சனுக்குள் (குழுவாகச் சேர்ந்து எதிரிகளோடு மோதும் இடம்) போய் வந்தால் நல்ல வெகுமதி. உச்ச லெவலில் இருப்பவரையும் அந்த டஞ்சனின் லெவலுக்கு இறக்கிவிடும். குழுவில் முதல் முறையாக வருபவர் ஒருவர் இருந்தால் எல்லோருக்கும் கூடுதல் போனஸ். இந்தச் சின்ன ஏற்பாடு செய்யும் வேலையைப் பாருங்கள்: பத்து வருடத்துக்கு முந்தைய டஞ்சனில் இன்று சேர்ந்தவருக்கும் ஆள் கிடைக்கிறது, அவர் தடுமாறினால் திட்டுவதற்குப் பதில் "புதுசா? வாங்க" என்கிறார்கள். எல்லோரும் தங்கமானவர்கள் என்பதால் அல்ல, அவர் வந்ததில் எல்லோருக்கும் லாபம். பழக்கத்தில் அது குணமாகவே ஆகிவிடுகிறது. ஒரே கேரக்டரில் எல்லா ஜாப்பும் ஆடலாம் என்பதால் அடி தாங்கும் டேங்க்கில் சலித்தால் குணப்படுத்தும் ஹீலருக்குத் தாவுகிறேன்.

சண்டை முதலில் மந்தமாகத் தெரியும். அடிப்படைத் தாக்குதல்களுக்கு நடுவே 2.5 விநாடி இடைவெளி. பிளேஸ்டேஷன் 3-லும் கண்ட்ரோலரில் ஓட வேண்டும் என்ற கணக்கில் அமைந்த கேம் அது (அந்தக் கருவிக்கான ஆதரவை 2017-ல்தான் நிறுத்தினார்கள்). லெவல் ஏற ஏற இடைவெளிக்குள் அமுக்க வேண்டிய பட்டன்கள் கூடிக் கை ஓயாது. இன்னொன்று பழக வேண்டும்: எதிரியின் தாக்குதல் வெடிக்கும் காட்சிக்கு முன்பே, காஸ்ட் பார் (தாக்குதல் தயாராவதைக் காட்டும் பட்டை) முடியும் கணத்திலேயே யார் உள்ளே நிற்கிறார் என்று சர்வர் தீர்மானித்துவிடும். வெளியே வந்த பிறகும் அடி விழுந்தால் நெட்டைத் திட்டாமல் பாரைப் பாருங்கள்.

கேமுக்குள் வாங்கும் வீடு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், வேண்டும்போது வாருங்கள் என்று யோஷிடா வெளிப்படையாகச் சொல்பவர். அதே கேமில் 45 நாள் எட்டிப்பார்க்காத வீடு இடிபடும். மனைகள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால் இந்த விதி என்பது புரிகிறது. 2022 ஏப்ரலில் மனை வாங்கக் குலுக்கல் முறை வந்தது, முதல் சுற்றிலேயே வெற்றி எண் பூஜ்யம் என்று காட்டிய கோளாறு வேறு, பிறகு சரிசெய்தார்கள். முந்தைய முறையில் மனையின் விற்பனைப் பலகையின் முன் மணிக்கணக்கில் நின்று கிளிக் செய்ய வேண்டியிருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் விட்டுவிட்டு ஆடும் என் போன்றவருக்கு வீடு சரிப்படாது, அடுக்குமாடி அறை போதும். அதை இடிப்பதில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு: 2023 முதல் இலவசப் பதிப்பிலேயே 70-ஆவது லெவல் வரை, இரண்டு விரிவாக்கங்களோடு, நாள் கணக்கு இல்லாமல் ஆடலாம். சந்தைப் பலகை (ஆட்டக்காரர்கள் பொருள் வாங்கி விற்கும் இடம்) கிடையாது, கில்டில் சேர முடியாது. முதல் பகுதிக் கதையை 2020-ல் கத்தரித்தும் இன்னும் நீளம்தான், இலவசப் பதிப்பில் தாண்டிக் குதிக்க வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அதே கணக்கில் இலவசத்துக்குத் திரும்ப முடியாது, அதனால் 70-ஐத் தொடும்வரை கட்ட அவசரப்படாதீர்கள்.