‘டொக்’ சத்தத்துக்கு 38,640 ரூபாய்: சஸ்பென்ஷன் வேலைக்குக் காரை விடும் முன் படியுங்கள்

சென்னையில் ஒரு ஹேட்ச்பேக் கார். 60,000 கி.மீ தாண்டியது. சின்னப் பள்ளங்களில் மெதுவாக இறங்கும்போது முன்பக்கம் ‘டொக், டொக்’ என்று சத்தம். அதைத் தவிர வேறு குறை இல்லை: வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, டயர் ஏறுமாறாகத் தேயவில்லை. காரை விட்ட ஒர்க்‌ஷாப் கொடுத்த பில் 38,640 ரூபாய். முன் ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) 2, மவுண்டிங் (ஷாக்கின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் பாகம்) 2, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) 2, லிங்க் ராட் (கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை ஷாக்கோடு இணைக்கும் சிறு தண்டு) 2, பின் ஷாக் 2, கூலி, அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). சத்தம் போனது. போனதற்குக் காரணம் லிங்க் ராட் மட்டும்தான். அந்த ஜோடியும் அதன் கூலியும் சேர்த்து பில்லிலேயே 2,000 ரூபாய்.

மற்றவை தேவையில்லை என்பது பழைய பாகங்களைக் கேட்டு வாங்கியதால் தெரிந்தது. சாக்குப் பையில் போட்டுத் தந்த முன் ஷாக் இரண்டிலும் எண்ணெய்க் கசிவே இல்லை. ஷாக்கின் நடுத்தண்டான ராடைக் கையால் அழுத்தினால் ஒரே சீராக இறங்கி, விட்டதும் தானாக மெல்ல எழுந்தது. கேஸ் ஷாக் நன்றாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் (முனையில் உள்ள உருண்டை மூட்டு) இறுக்கமாக இருந்தது, புஷ் (போல்ட் மாட்டும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) ரப்பரில் வெடிப்பு இல்லை. பின் ஷாக் சாக்கில் இல்லவே இல்லை. காருக்கு அடியில் பார்த்தபோது காரணம் புரிந்தது: பின் ஷாக்கின் கீழ் போல்ட்டில் காய்ந்த சேறு அப்படியே ஒட்டியிருந்தது, ஸ்பேனர் பட்ட தடயமே இல்லை. மாற்றாத பாகத்துக்குப் பில்.

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 போன்ற கார்களில் முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுதியாக இருப்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு). இந்த அமைப்பில், குறைந்த வேகத்தில் இடதும் வலதும் மாறி மாறிக் குலுங்கும்போது வரும் சத்தத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் புஷ்ஷும். இரண்டும் விலை குறைந்தவை. சோதிப்பதும் எளிது: இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, எதிலும் உரசாமல் கட்டிவிட்டு, அதே ரோட்டில் மிக மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றால் கோளாறு அங்கேதான். அந்த நிலையில் வளைவில் கார் அதிகம் சாயும் என்பதால் வேகம் கூடாது.

மற்ற பாகங்களுக்கும் சோதனை உண்டு. சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடம் வலமாக ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகள்). நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால் மேல் மவுண்டிங்கின் பேரிங்.

ஏமாற்றுவது பெரும்பாலும் ரேம்பில் காரைத் தூக்கி ‘நீங்களே பாருங்க சார்’ என்று கூப்பிடும் இடத்தில்தான். நீளமான லீவரைப் போட்டு லோயர் ஆர்மை நெம்பி ‘புஷ் போச்சு’ என்பார்கள். அது நெளிவதற்கென்றே செய்த ரப்பர், புதிய புஷ்ஷும் நெம்பினால் நெளியும். ரப்பர் குறுக்கே கிழிந்திருக்க வேண்டும், அல்லது உள்ளிருக்கும் இரும்புக் குழாயை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். அதுதான் போன புஷ். அடுத்தது ஷாக்கில் எண்ணெய். உண்மையான கசிவு ராடின் சீல் வழியாக மேலிருந்து இறங்கும், தூசி படிந்து கருத்துப் பிசுபிசுக்கும். தூசியே இல்லாமல் கீழ்ப் பாதியில் மட்டும் பளபளவென்று எண்ணெய் இருந்தால் அது தடவியதாக இருக்கலாம்; துணியால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு முடிவெடுங்கள். லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் அதற்காக ஷாக்கை மாற்ற வேண்டியதில்லை.

ஷாக் உண்மையிலேயே போயிருந்தால் ஒரே அச்சில் இடதும் வலதும் ஜோடியாக மாற்றுவது சரி. முன்னால் போனதற்காகப் பின்னாலும் மாற்றச் சொல்வது சரியல்ல.

இனி பில். ஷாக் மாற்றக் கூலி 1,800, ஸ்பிரிங் கழற்றி மாட்ட 900, மவுண்டிங் மாற்ற 900 என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். ஸ்ட்ரட்டை இறக்கி ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றாமல் ஷாக்கை மாற்றவே முடியாது, மவுண்டிங்கும் அப்போதே கையோடு வந்துவிடும். ஒரே வேலைக்கு மூன்று கூலி. லிங்க் ராட் மட்டும் மாற்றினால் அலைன்மெண்ட் தேவையே இல்லை. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட் கழற்றினால்தான் தேவை.

இதைவிட மோசம் வரிக் கணக்கு. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி எல்லா வரியும் சேர்ந்தது. 3,000 ரூபாய் எம்.ஆர்.பி என்றால் அதற்குள்ளேயே 18 சதவீத வரியாக சுமார் 458 ரூபாய் இருக்கிறது. அதன்மேல் மறுபடி 18 சதவீதம் ஏற்றினால் 540 ரூபாய் அநியாயமாகப் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதம்தான். பழையபடி 28 என்று போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி எண்ணை ஜி.எஸ்.டி இணையதளத்தில் தட்டினால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். ‘பில் வேண்டாம்னா குறைச்சுக்கறேன்’ என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். பில் இல்லாவிட்டால் பாகத்தின் வாரண்டியும் இல்லை, புகாருக்கு ஆதாரமும் இல்லை.

மாட்டும் முறையிலும் கண் வையுங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுசாக முறுக்கவே கூடாது. காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும், அடுத்த பில்லுக்கு அடித்தளம் அங்கேயே விழும். புது ஷாக்கின் ராடைப் பிளையரால் பிடித்து நட்டு முறுக்கினால் கீறல் விழுந்து சீல் அறுந்துபோகும்.

வேலை தொடங்கும் முன்பே பாகத்தின் பெயர், எண்ணிக்கை, எம்.ஆர்.பி, கூலி எல்லாம் பிரித்து எழுதிய எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். ‘பழைய பாகங்களும் புதியவற்றின் காலிப் பெட்டிகளும் வேண்டும்’ என்று அப்போதே சொல்லிவிடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் ‘ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு’ என்ற பதில்தான் வரும். மேலே சொன்ன போல்ட்டையும் சாக்கில் வந்த பாகங்களையும் போல எது கிடைத்தாலும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி தளம் வழியாக நீங்களே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.