ஸ்பிண்டிலைப் பிரித்துக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

உலோகத்தை வெட்டித் துளையிடும் எங்கள் விஎம்சி மெஷினில், வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் லேசாக ஓர் இரைச்சல். பேரிங் போயிருக்கும் என்று ஊகித்து, பலருக்கும் வேலை செய்து தருகிற ஒருவரிடம் கொடுத்தோம். இரண்டே நாளில் மாட்டிவிட்டார். அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஓட்டிய முதல் நாளே ஸ்பிண்டில் மூக்கில் கை வைக்க முடியவில்லை. போன் செய்தால், "புது பேரிங் அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். நம்பினேன். காலையில் எடுத்த போர் (துளை) அளவு மதியம் மாறியது. ஆபரேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தபோதே ஸ்பிண்டில் இறுகி நின்றுவிட்டது.

வேறொருவர் என் கண் முன்னால் பிரித்தார். கிரீஸ் கருகித் தார் மாதிரி இருந்தது. உள்வளையத்தில் குண்டுகள் உருளும் ஓடுதடம் நீலம் பாய்ந்து கிடந்தது. எஃகு அந்த நிறத்துக்கு வர முந்நூறு டிகிரி வாக்கில் சூடு ஏறியிருக்க வேண்டும். செட்டாக வரும் பேரிங்குகளின் வெளிவளையங்களை வரிசைப்படி அடுக்கினால் மேலே 'வி' குறி ஒன்று சேரும். இதில் சேரவே இல்லை. முதல் ஆள் தனித்தனியாக வாங்கியதை ஜோடி என்று மாட்டியிருக்கிறார். பேரிங்குகளுக்கு இடையே வரும் இரண்டு ஸ்பேசர் வளையங்களையும் ஒன்றாக வைத்து கிரைண்ட் செய்யாததால் நீளமும் ஒத்துவரவில்லை. பிரீலோட், அதாவது பேரிங்கில் ஆட்டம் இல்லாதபடி முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம், அவர் மனம் போன போக்கில்.

பிரீலோட் கூடினால் என்ன ஆகும் என்று புதியவர் விளக்கினார். வெளிவளையத்தின் சூடு ஹவுசிங் வழியாக வெளியேறிவிடும், உள்வளையத்தின் சூடு தண்டிலேயே தங்கும். 70 மிமீ தண்டு வெளிப்பக்கத்தைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடானாலே சுமார் 8 மைக்ரான் பெருக்கும். இடைவெளி இறுகும், உராய்வு கூடும், மறுபடி சூடு. ஒரு கட்டத்துக்கு மேல் நிறுத்தவே முடியாது.

முதல் ஆள் கிரீஸையும் வாய்வரை அடைத்திருந்தார். அதிவேக ஸ்பிண்டிலில் காலி இடத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மிச்சம் கடைபட்டே சூடாகும். புது பேரிங்கை மெல்ல ஓட்டிப் பழக்கும் ரன்-இன்? அந்தப் பேச்சே எடுக்கவில்லை. புதியவர் குறைந்த ஆர்பிஎம்மில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் சூடு ஏறி நிலைக்கும் வரை காத்திருந்துதான் அடுத்த படிக்குப் போனார். அந்த வேலைக்கே ஒரு பகல் முழுக்கப் போனது. இடையில் இரண்டு முறை நிறுத்தி ஆறவும் விட்டார். நேரத்தையும் டிகிரியையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். யாரிடம் கொடுத்தாலும் அந்தத் தாளைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் மெஷினைத் தொட விடாதீர்கள்.

மாட்டும் முன் அவர் ஸ்பிண்டிலைக் குளிர்விக்கும் சில்லரின் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். முழுக்க அடைப்பு. முதல் பேரிங் போனதே இதனால்தானோ என்னவோ. அந்த முதல் பேரிங்கைப் பார்த்தால் சொல்லிவிடலாம், எங்கே என்று கேட்டார். பழைய ஆளுக்குப் போன் போட்டேன்.

"அதை எடைக்குப் போட்டாச்சே சார்."