வீட்டில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிஆர் ரிசீவர்: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

கிருஷ்ணகிரியில் வீட்டிலேயே சால்டர் செய்து விற்கப்படும் 40 மீட்டர் ஹாம் (அமெச்சூர் வானொலி) பேண்டு ரிசீவர் இது. எஸ்டிஆர் என்பதால் சிக்னலைப் பிரித்தெடுப்பது கணினி மென்பொருள்தான். உள்ளே புதுமை கிடையாது. எஸ்ஐ5351 மாட்யூல் 28 மெகாஹெர்ட்ஸ் அளவில் கிளாக் தரும், 74ஏசி74 அதை நான்கால் வகுத்து, 90 டிகிரி இடைவெளியில் இரண்டாக்கும், எஃப்எஸ்டி3253 மிக்ஸர் அதைக் கொண்டு ஆன்டெனா சிக்னலை ஐ, க்யூ என இரண்டு ஆடியோ சிக்னல்களாக்கும், என்ஈ5532 பெருக்கி அவற்றை ஸ்டீரியோ ஜாக்கில் விடும். உதிரிகளுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தானே!

"ஒரே ஸ்டேஷன் ரெண்டு இடத்துல கேக்குது" என்று புகார் வந்தால் போர்டை நோண்டாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் மைக் ஜாக் மோனோ. ஐ, க்யூ இரண்டும் தனித்தனியாக உள்ளே போனால்தான் மென்பொருள் இமேஜை (இரண்டாவது இடத்தில் கேட்கும் போலி நகலை) நீக்கும். மலிவான யுஎஸ்பி டாங்கிள்களிலும் மைக் துளை மோனோதான். ஸ்டீரியோ லைன்-இன் உள்ள சவுண்ட் கார்டைச் சேர்த்தே விற்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி ரிசீவரை விற்றதாகத்தான் அர்த்தம். அதன் பிறகும் 1 டிகிரி பேஸ் பிழை இருந்தால் இமேஜ் 41 டெசிபலுக்கு மேல் அமுங்காது. எச்டிஎஸ்டிஆர் மென்பொருளில் சேனல் திருத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

சவுண்ட் கார்டு 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் திரையில் தெரிவதும் அவ்வளவே. நட்டநடுவில் ஹம் முள் நிற்கும். எஃப்டி8 (ஹாம்களின் டிஜிட்டல் தகவல் முறை) கேட்க 7.074 மெகாஹெர்ட்ஸிலேயே ஆசிலேட்டரை வைத்தால் சிக்னல் அதற்குள் மாட்டிக்கொள்ளும், 7.060-இல் வையுங்கள்.

முன்வடிகட்டிக்கு மஞ்சள் டி50-6 டொராய்டில் 16 சுற்று, ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. 470 பிகோஃபாரடோடு சிறு டிரிம்மர் சேர்த்தால் 7.1-இல் ட்யூன் ஆகும். சாதாரண செராமிக் டிஸ்க் கெப்பாசிட்டர் வேண்டாம், வெயிலில் அதன் மதிப்பு நகரும். வெப்பத்தில் மாறாத என்பிஓ வகை போடுங்கள்.

இரைச்சல்தான் பெரிய தலைவலி. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், வீட்டு இன்வெர்ட்டர், தோட்டத்து சோலார் மோட்டார் கன்ட்ரோலர் எல்லாமே வாட்டர்ஃபாலில் (திரையில் ஓடும் அலைவரிசைப் படம்) கோடு போடும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடுகள் குறைந்தால் குற்றவாளி அதன் சார்ஜர். கோஆக்ஸை (ஆன்டெனா கேபிள்) எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் 10 சுற்று சுற்றி, பக்கத்துக்கு 10 மீட்டர் டைபோல் ஆன்டெனாவை வீட்டு வயரிங்கிலிருந்து தள்ளி, தென்னைகளுக்கிடையே கட்டினால் வித்தியாசம் காதிலேயே தெரியும்.

கோடை இடியில் முதலில் போவது எஃப்எஸ்டி3253. ஆன்டெனா முனையில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் குறுக்கே போட்டால் ஸ்டேட்டிக் வடியும். எதிரெதிராக 1என்4148 டயோடும் போடலாம். ஆனால் இரவில் 7.2-க்கு மேலுள்ள பலத்த சிற்றலை ஒலிபரப்புகள் அதில் கலந்து குழப்பும். பக்கத்துக்கு இரண்டாகத் தொடரில் போட்டால் தொல்லை குறையும். பக்கத்திலேயே மின்னல் விழுந்தால் எதுவும் காப்பாற்றாது. வானம் கறுத்ததுமே கோஆக்ஸைக் கழற்றிவிடுங்கள். விற்பவர் பெட்டியில் ஒரு எஃப்எஸ்டி3253 உபரியாக வைத்துக் கொடுக்கலாம்.