கோனன்ட் தெருவில் கருவாடு வாங்கப் போகிறவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கருவாட்டுக்கு மட்டும் என்றால் ஐந்து. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்காரரோ பதினோரு வருடமாக என்னை ‘ஆபா’ என்று கூப்பிடுகிறவர். வங்காள முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். மிச்சிகன் மாநிலம் ஹாம்ட்ராமிக் ஊரின் கோனன்ட் தெருவில் இதே மாதிரி கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எதற்குள் நுழைந்தாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

நான் தூத்துக்குடிக்காரி. இப்போது இருப்பது அதே மிச்சிகனில் டிராய் என்கிற ஊரில். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கும் பஞ்சமில்லை, இந்தியக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூகூடக் கிடைக்கிறது. கருவாடு என்றால் மட்டும் ஒரு மூலையில் நான்கு நெத்திலி பாக்கெட் தொங்கும், பிரித்தால் பாதி உப்புத் தூள். என் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போய், கணவரோடு வேலை பார்த்த, வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர் ஒருவர்தான், “பாபி (அண்ணி), ஹாம்ட்ராமிக் போய்ப் பாருங்கள்” என்றார். ஐ-75 சாலையில் தெற்கே இருபத்தைந்து நிமிடம். ஊரே மொத்தம் இரண்டு சதுர மைலுக்குக் கொஞ்சம் மேல்தான். ஏறக்குறைய நான்கு பக்கமும் டெட்ராய்ட் சூழ்ந்திருக்க, நடுவில் தனி நகராட்சி, தனி மேயர்.

கடைக்குள் காலை வைத்ததும் வாடை வந்துவிடும். எனக்கு அது வாசனை. வலது பக்கச் சுவர் முழுக்க ‘ஷுட்கி’, அதாவது கருவாடு. ‘சுரி’ என்று எழுதியிருப்பது நம்ம வாளைதான். நாடா மாதிரி நீளமாக, வெள்ளி நிறம் இன்னும் போகாமல் இருக்கும். ‘லொய்ட்டா’ என்பது பாம்பே டக் என்கிற மீன். ‘காச்கி’ நெத்திலியைவிடப் பொடிசு, வறுத்துத் தேங்காய்ச் சம்பலில் போட்டால் அன்றைக்குச் சோறு கூடப் போகும். ‘சேபா’ மட்டும் வேறு ஜாதி. காயவைத்ததோடு விடாமல் புளிக்கவும் வைத்தது. தெரியாமல் முதல் தடவை வாங்கி வந்து, நம்ம ஊர்ப் புளிக்குழம்பில் போட்டு, குழம்பையும் சட்டியையும் சேர்த்து வெளியே வைத்தேன். பூண்டும் மிளகாயும் நிறையச் சேர்த்து அரைத்துத் துவையலாகச் சாப்பிட வேண்டியது அது என்று கடைக்காரர் பிறகுதான் சொன்னார். மாசிக் கருவாடு கிடைக்காது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சீலைக் கருவாடும் கிடைக்காது.

சுரி வாங்கும்போது ஒரு சூட்சுமம். மேலே தொங்கும் பாக்கெட்டை விட்டுவிட்டுக் கீழே அட்டைப் பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். வால் பக்கம் வளைத்துப் பார்த்தால் படக்கென்று ஒடியக்கூடாது. சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசினால் மணல் போய்விடும். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்தால் எங்கள் வீட்டில் பேச்சே இருக்காது.

கருவாட்டுக்கு எதிர்ப்பக்கம் காய்கறி. தண்டுக்கீரை, கொடிப்பசலை, பிஞ்சுச் சுரைக்காய், சேம்புச் செடியின் நீளமான கொடித்தண்டு எல்லாம் இருக்கும். பச்சையாக, எலுமிச்சையைவிடப் பெரிதாக ஒன்று கிடக்கும், பெயர் ஷாத்கோரா. சில்ஹெட்காரர்கள் மாட்டுக்கறியில் தோலோடு வெட்டிப் போடுவார்கள். நான் அதில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டேன். அம்மா வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, “நார்த்தங்காயா அங்கே கிடைக்குது?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். யார் விளக்கிக்கொண்டிருப்பது?

இந்தக் கடையின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். ஒரு இரும்புத் தண்டவாளம் ஓடும், அதில் கொக்கிகள். ஒரு காலத்தில் இது போலந்துக்காரர் ஒருவரின் இறைச்சிக் கடை. தொத்திறைச்சி தொங்கிய கொக்கிகளில் இன்று பிளாஸ்டிக் துடைப்பமும் குழந்தைகள் குடையும் தொங்குகின்றன. ஊரின் கதையே அந்தக் கொக்கியில் இருக்கிறது. 1910-ல் இங்கே இருந்தவர்கள் 3,559 பேர். அந்த வருடம்தான் டாட்ஜ் சகோதரர்கள் கார் தொழிற்சாலை திறந்தார்கள். பத்தே வருடத்தில் 48,615 பேர். 1930-ல் 56,268. இரண்டு சதுர மைலில்! தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து ஏலக்கூடத்தில்கூட அவ்வளவு நெருக்கம் இருக்காது. வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். 1987-ல் போலந்துக்காரரான போப் இரண்டாம் ஜான் பால் இந்தச் சின்ன ஊருக்கு வந்ததற்கு அதுதான் காரணம். அவருக்கு ஜோசப் கேம்போ தெருவில் உயரமான சிலை இருக்கிறது. 1980-ல் தொழிற்சாலையை மூடினார்கள். 1990 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 18,372 பேர்.

அந்தக் காலியான வீடுகளுக்குத்தான் எங்கள் கடைக்காரர் மாதிரி ஆட்கள் வந்தார்கள். இவர் முதலில் நியூயார்க்கின் குவீன்ஸில் டாக்ஸி ஓட்டியவர். “அங்கே ஒரு அறைக்குக் கொடுத்த வாடகையில் இங்கே முழு வீடு கிடைத்தது ஆபா” என்பார். 1990-களில் குவீன்ஸிலிருந்து வங்காளதேசத்துக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இப்படித்தான் வந்து சேர்ந்தன. ஏமன்காரர்கள் அதற்கும் முன்பே கார்த் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். போஸ்னியாக்காரர்களும் உண்டு. 2020-ல் மக்கள்தொகை 28,433. சுற்றிலும் இருக்கும் டெட்ராய்ட் ஆட்களை இழந்துகொண்டிருந்தபோது உள்ளே இருந்த இந்தப் பொட்டு ஊர் கூடியிருக்கிறது. பில் போடும் வரிசை ஏன் அவ்வளவு நீளம் என்று இனிமேல் கேட்காதீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் எனக்கு ஒரு பெரிய தமாஷ் உண்டு. 2020 படிவத்தில் ஏமன்காரருக்கென்று தனிக் கட்டம் கிடையாது, ‘வெள்ளையர்’ கட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். கடையில் எனக்கு முன்னால் நிற்கும் போலந்துப் பாட்டியும், பின்னால் நிற்கும் ஏமன் பையனும் அரசாங்கக் கணக்கில் ஒரே இனம்! எனக்கும் கடைக்காரருக்கும் மட்டும் ‘ஆசியர்’ கட்டம். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிப் பிரிவு வேண்டும் என்று 2024-ல்தான் விதியை மாற்றினார்கள். அதனால் இந்த ஊர் எப்படி மாறியது என்று தெரிய நான் பார்ப்பது கடைக்காரரின் அலமாரியைத்தான்.

நான் வர ஆரம்பித்தபோது கல்லாவுக்குப் பின்னால் இரண்டு தட்டு முழுக்கப் போலந்துச் சரக்கு. குதிரைமுள்ளங்கித் துருவல், ஊறவைத்த முட்டைக்கோஸ், பீட்ரூட் பாட்டில்கள். கருவாட்டுக் கடையில் இது எதற்கு என்று கேட்டேன். பக்கத்துத் தெருப் பாட்டிகளால் தூரம் போக முடியாது, ஈஸ்டருக்கு வேண்டுமே என்றார். சில வருடத்தில் அது ஒரு தட்டானது. போன மாதம் பார்த்தபோது மூன்று பாட்டில்தான். அந்த இடத்தில் ஏமன் தேன், நெய் டப்பா, காப்பிக்கொட்டைத் தோல், வெந்தயப் பொடி. ஏமன்காரர்கள் வெந்தயத்தை நுரைக்க அடித்துக் குழம்பின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். நமக்கு வெந்தயம் என்றால் தோசையும் வயிற்று வலியும்தான்.

மே மாதம் போனால் வாசலில் தயிர் டப்பாக்களில் நாற்று விற்பார்கள். சுரை, பீர்க்கை, அவரை, நாகா மிளகாய். ஒரு டப்பா மூன்று டாலர். ஆகஸ்டில் பக்கத்துத் தெருக்களில் ஒரு நடை நடந்து பாருங்கள், அதுதான் இந்த ஊரின் காட்சி. ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஒடுக்கமான மர வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். அந்த இண்டு இடுக்கில் பந்தல் போட்டுச் சுரைக்காயைத் தொங்க விட்டிருப்பார்கள். ஒரு வீட்டுப் பின்புறம் பழைய சொந்தக்காரர்கள் வைத்த மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த சின்னக் குகை, இன்னும் நிற்கிறது. இப்போது குடியிருப்பது ஒரு சில்ஹெட் குடும்பம். கெபியை அவர்கள் இடிக்கவில்லை. அதன் ஒரு ஓரத்தில் கம்பி கட்டிப் பாகற்கொடியை ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தூத்துக்குடியில் தெருவுக்குத் தெரு கெபி பார்த்து வளர்ந்தவள் நான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

எல்லாம் இப்படிச் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். பள்ளிவாசல் பாங்கு (தொழுகை அழைப்பு) ஒலிபெருக்கியில் கேட்கலாமா என்று 2004-ல் ஊர் இரண்டுபட்டு, வாக்கெடுப்பு வரை போய், கேட்கலாம் என்று முடிந்தது. வாக்குச்சீட்டு வங்காளத்திலும் இருக்க வேண்டும் என்று 2011-ல் வந்தது. 2015 தேர்தலில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் முதல் அமெரிக்க நகர மன்றம் இங்கேதான் அமைந்தது. 2021-ல் ஏமனில் பிறந்த ஆமிர் காலிப் மேயராகத் தேர்வானார். அதுவரை மேயர்கள் எல்லோரும் போலந்து வம்சாவளிதான். அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒருபால் ஈர்ப்பினரின் வானவில் கொடியை நகராட்சி இடங்களில் பறக்க விடக்கூடாது என்று மன்றம் தீர்மானம் போட்டபோது, முஸ்லிம்களுக்காக ஒரு காலத்தில் பரிந்து பேசியவர்களுக்கே மனம் விட்டுப்போனது. எனக்கும் அது பிடிக்கவில்லை. கடையில் அந்தப் பேச்சை எடுத்தேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் கொத்தமல்லிக் கட்டை என் பையில் போட்டார். கோபமா, சங்கடமா, தெரியவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். விலைச் சீட்டு பாதிப் பொருளில் இருக்காது. இருப்பதிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒட்டியிருக்கும். சுரண்டிப் பார்த்தால் கீழே பழைய தேதி. உறைந்த மீன் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். இரண்டு வருடம் முன்பு இலிஷ் மீன் ஒன்று வாங்கினேன், தெலுங்குக்காரர்கள் புலசா என்று உயிரை விடுவார்களே, அதுதான். நாற்பது டாலருக்கு மேல். வீட்டில் பிரித்தால் உள்ளே ஐஸ் பாளம், மீன் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. கழுவும்போதே சதை கரைந்து வந்தது. மறுவாரம் சொன்னேன். ரசீது கேட்டார். ரசீதே தராத கடையில் ரசீதுக்கு எங்கே போவது? அரை மணி நேரம் வாக்குவாதம் செய்த பிறகு பாதிப் பணமும் ஒரு சுரைக்காயும் கிடைத்தன. ஒரு நட்சத்திரம் போனது அங்கேதான். ரூயி, கட்லா வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, அவை வேகமாக விற்றுப்போகும்.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகை நேரத்தில் வண்டி நிறுத்த ஒரு இடம் கிடைக்காது. ரமலான் மாதம் சாயங்காலம் போவதென்றால் மட்டும் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வாசலில் சட்டி வைத்து ஹலீம், பியாஜு, ஜிலேபி சுடச்சுட விற்பார்கள். பியாஜு என்பது நம்ம பருப்பு வடைக்குத் தங்கச்சி. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஊருக்குள் வேறு ஒரு கூட்டம். ‘பூஞ்ச்கி’ என்கிற ஜாம் வைத்த போலந்து இனிப்பு உருண்டைக்காக விடியுமுன்பே பேக்கரி வாசலில் குளிரில் வரிசை நிற்கும். போன தடவை அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களில் இரண்டு பேர் முக்காடு போட்ட ஏமன் பெண்கள். ஒரு டஜன் வாங்கிக்கொண்டு, அப்படியே கோனன்ட் பக்கம் வந்து கருவாடும் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டையும் ஒரே பையில் போட்டது என் தப்பு.

கடைசியாக ஒன்று. கடைக்காரர் இந்த வருடக் கடைசியில் வாரன் என்கிற பக்கத்து ஊருக்குப் போகிறாராம். அவருடைய வாடிக்கையாளர்கள் பலர் ஏற்கெனவே அங்கே பெரிய வீடு வாங்கிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், கார் நிறுத்த இடம் வேண்டும், எல்லாம் பழைய கதைதான். டிராயிலிருந்து வாரன் இன்னும் பக்கம், எனக்கு லாபம்தான். இந்தக் கடையை எடுக்கப் போவது ஏமன்காரர் ஒருவர். சுரி வைப்பாரா என்று கேட்டேன். “அவருக்கு அந்த வாடை ஆகாது ஆபா” என்றார். அதனால் போக நினைப்பவர்கள் சீக்கிரம் போங்கள். காசாகக் கொண்டுபோனால் நல்லது, பத்து டாலருக்குக் கீழே அட்டை வாங்க மாட்டார்கள். கார் டிக்கியில் விரிக்கப் பழைய பெட்ஷீட் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.